படம் ஒரு கடை, குரல் இன்னொரு கடை: எஃப்1 நேரலைக்கு ஒரு மதிப்பீடு

2021 மொனாக்கோ ஃபார்முலா 1 (எஃப்1) கார் பந்தயம். பந்தயத்தின் நடுவே டயர் மாற்றும் இடமான பிட்டிலிருந்து வெளியே வந்த ஓட்டுநர் வெட்டலும், நேர்ப்பாதையில் பாய்ந்து வந்த ஓட்டுநர் காஸ்லியும் பக்கத்துக்குப் பக்கமாக மேடேறுகிறார்கள். முந்துவதற்கு இடமே இல்லாத அந்த ஊரில் இப்படி ஒரு காட்சி கிடைப்பதே அபூர்வம். சரியாக அந்த நேரம் பார்த்து, நீச்சல்குளத் திருப்பத்தில் இன்னொரு ஓட்டுநரான ஸ்ட்ரோல் கெர்ப் (பாதையோர மேடு) மேல் ஏறி இறங்கிய ரீப்ளே திரைக்கு வந்தது. படம் திரும்புவதற்குள் சண்டை முடிந்து வெட்டல் முன்னால் போய்விட்டார். கடைசியில் அவர் ஐந்தாவது, காஸ்லி ஆறாவது. அந்தப் பந்தயத்தில் பார்க்க வேண்டியதாக இருந்த ஒன்றிரண்டில் அது ஒன்று.

எஃப்1 ஒளிபரப்பைக் குறை சொல்பவர்களில் பாதிப் பேர் இங்கே தப்பான ஆளைத் திட்டுகிறார்கள். படம் போடுவது ஒருவர், பேசுவது இன்னொருவர். உலகம் முழுக்கப் போகும் படத்தை ஃபார்முலா 1 நிறுவனமே தயாரிக்கிறது. கேமராக்கள் மைதானத்தில் இருந்தாலும், தயாரிப்பின் பெரும்பகுதி இங்கிலாந்தில் பிகின் ஹில்லில் உள்ள அதன் மையத்தில் நடக்கிறது. ஸ்கை ஸ்போர்ட்ஸ் போன்றவர்கள் அந்தப் படத்தை வாங்கித் தங்கள் குரலைச் சேர்க்கிறார்கள். மொனாக்கோ மட்டும் வெகுகாலம் விதிவிலக்கு. உள்ளூர்த் தயாரிப்பாளர் கையில்தான் இருந்தது. 2023-இல்தான் அதையும் ஃபார்முலா 1 எடுத்துக்கொண்டது. அதனால் படத்துக்கும் குரலுக்கும் தனித்தனியாக மார்க் போடுவதே நியாயம்.

முதலில் படம். காரிலேயே பொருத்திய ஆன்போர்டு கேமரா விஷயத்தில் எஃப்1-க்கு ஈடாக எதுவும் இல்லை என்றே சொல்வேன். எல்லா காரிலும் கேமரா உண்டு. ஓட்டுநரின் ஹெல்மெட்டுக்குள் கண்ணோரம் பொருத்திய குட்டி கேமரா 2021-இல் தொடங்கி, 2023 முதல் எல்லோருக்கும் கட்டாயமானது. ஸ்டீயரிங் எவ்வளவு துடிக்கிறது, தலை எப்படி ஆடுகிறது, கெர்ப் எவ்வளவு நெருக்கத்தில் வருகிறது எல்லாம் அதில் தெரியும். மேலிருந்து எடுக்கும் காட்சியில் ரயில் மாதிரி வழுக்கிப்போகும் அதே கார்தான் இது என்று நம்பவே முடியாது.

பாதையோரக் கேமராவில்தான் ஏமாற்றம். தூரத்திலிருந்து நீள லென்ஸில் எடுக்கும்போது ஆழம் சுருங்கி, கார்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வருவதுபோலத் தெரியும். இடைவெளி 0.8 நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் அது கிட்டத்தட்ட 67 மீட்டர். 60 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பும் ஊசிமுனைத் திருப்பத்தில் அதே 0.8 நொடி வெறும் 13 மீட்டர். திருப்பத்தில் காரைப் பார்த்து "இதோ பிடித்துவிட்டான்" என்று கத்தும் வர்ணனையாளர் லென்ஸிடம் ஏமாந்திருக்கிறார், அல்லது நம்மை ஏமாற்றுகிறார். அடுத்த நேர்ப்பாதையில் இடைவெளி அப்படியேதான் இருக்கும். மீட்டரை நம்பக்கூடாது, நொடியை நம்ப வேண்டும்.

எந்தக் காரைக் காட்டுவது என்ற முடிவுதான் பலவீனமான இடம். 2025 சிங்கப்பூர் பந்தயத்துக்குப் பிறகு ஓட்டுநர் கார்லோஸ் சைன்ஸ் வெளிப்படையாகவே குறைப்பட்டுக்கொண்டார். 18-ஆம் இடத்தில் தொடங்கி 10-ஆம் இடத்துக்கு வந்தவர் அவர். தான் முந்தியதையும், ஹாமில்டனை அலோன்சோ துரத்தியதையும் காட்டாமல் பிரபலங்களையும் ஓட்டுநர்களின் காதலிகளையும் காட்டினார்கள் என்பது புகார். புகாரில் உண்மை இருக்கிறது. கேலரியில் உட்கார்ந்திருப்பவர் முகத்தை, விபத்துக்குப் பிறகு எல்லோரையும் மெதுவாக்கும் சேஃப்டி கார் ஓடும்போது காட்டலாம். பத்து நிமிடம் சும்மா கிடைக்கும். கடைசி ஐந்து லேப்பில் (சுற்றில்) காட்டுவதற்குக் காரணமே கிடையாது. ரீப்ளேவுக்கும் இதே கணக்குதான். பிட் ஜன்னல், அதாவது அணிகள் டயர் மாற்ற உள்ளே வரும் நேரம், திறந்திருக்கும் அந்த ஏழெட்டு லேப்பில், விபத்து தவிர வேறெதற்கும் ரீப்ளே போடாமல் இருந்தாலே பாதிப் புகார் குறையும்.

எண்களுக்கு வருவோம். திரையின் இடப்பக்கப் பட்டியல் இரண்டு விதமாகக் கணக்குக் காட்டும்: முதல் இடத்திலிருந்து எத்தனை நொடி, அல்லது முன்னால் போகும் காரிலிருந்து எத்தனை நொடி. இரண்டும் மாறி மாறி வரும். புதிதாகப் பார்ப்பவர்கள் குழம்புவது இங்கேதான். லேப் நேரத்தின் நிறத்தில் ஊதா என்றால் எல்லோரிலும் வேகம், பச்சை என்றால் அவருடைய சொந்தச் சிறப்பு, மஞ்சள் என்றால் முன்னேற்றம் இல்லை. டயரில் சிவப்பு மென்மை, மஞ்சள் நடுத்தரம், வெள்ளை கடினம், பச்சை ஈரத்துக்கு, நீலம் கனமழைக்கு. இவ்வளவும் நன்றாகவே வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

2020-இல் வந்த டயர் தேய்மான சதவீதப் படத்தை மட்டும் மறக்க முடியாது. டயரில் இத்தனை சதவீதம் பாக்கி என்று பேட்டரி மாதிரி காட்டினார்கள். டயர் தயாரிக்கும் பிரெல்லி தரப்பிலிருந்து மரியோ இசோலாவே அது ரசிகர்களைத் தவறாக வழிநடத்தும் என்றார். பின்னே என்ன? ரப்பர் எவ்வளவு மீதி என்பது ஒரு விஷயம், அதில் பிடிமானம் எவ்வளவு என்பது வேறு விஷயம். சூடேறிப்போன டயர் தடிமனாக இருந்தும் வழுக்கும்.

அணி ரேடியோவிலும் ஒரு சூட்சுமம். ஓட்டுநர் பேசுவது அந்தக் கணமே நமக்கு வருவதில்லை. கேட்டு, தேர்ந்தெடுத்து, பிறகுதான் போடுகிறார்கள். "இப்போது உள்ளே வா" என்ற கட்டளை ஒலிக்கும்போது கார் பிட்டைத் தாண்டி ஒரு லேப் ஆகியிருக்கலாம். தேர்ந்த வர்ணனையாளர் இதைச் சொல்லிவிட்டுத்தான் விளக்குவார். 2021-இல் பந்தய இயக்குநருடன் அணித் தலைவர்கள் பேசியதும் நேரலையில் ஒலித்தது. பட்டத்தையே தீர்மானித்த அந்த ஆண்டின் அபுதாபி கடைசி லேப் ரகளைக்குப் பிறகு அந்தப் பேச்சே நிறுத்தப்பட்டது. முறைப்படி அது சரி. ஒரு முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்று காதால் கேட்கும் வாய்ப்பும் அதோடு போனது. இப்போது "விசாரணையில் உள்ளது" என்ற ஒற்றை வரி மட்டும் மிச்சம்.

இனி குரல். நல்ல வர்ணனைக்கு வேலைப் பங்கீடு உண்டு: முதல் ஆள் என்ன நடக்கிறது என்று சொல்வார், இரண்டாவது ஆள் ஏன் நடக்கிறது என்று சொல்வார். இந்த இரண்டாவது வேலையில் ஸ்கையின் முன்னாள் ஓட்டுநர் மார்ட்டின் பிரண்டிலை அடிக்க ஆள் இல்லை. 158 எஃப்1 பந்தயங்கள், 1990-இல் லே மான் 24 மணி நேரப் பந்தய வெற்றி, 1997-இல் வர்ணனையாளர் மர்ரே வாக்கருடன் ஐடிவியில் தொடங்கிய ஒளிபரப்பு அனுபவம். ஒரு கார் திருப்பத்தில் அகலமாகப் போனதும் ரீப்ளேவுக்குக் காத்திருக்காமல், பின்சக்கரம் பூட்டியதா, முன்னால் போன காரின் கலைந்த காற்றில் பிடி போனதா என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். ஸ்கையில் 2012 முதல் முதல் ஆளாக இருக்கும் டேவிட் கிராஃப்ட் தொடக்கத்துக்கும் கடைசி லேப்புக்கும் பொருத்தமானவர். நடுவில் 30 லேப் எதுவும் நடக்காதபோதும் அதே உச்சஸ்தாயியில் பேசுவதுதான் அவரிடம் உள்ள குறை. எல்லாமே பெரிய செய்தி என்றால் உண்மையான பெரிய செய்தி வரும்போது குரலில் ஏறுவதற்குப் படியே இருக்காது. ஃபார்முலா 1-இன் சொந்தச் சேவையான எஃப்1 டிவியின் அலெக்ஸ் ஜாக்ஸ் இந்த விஷயத்தில் தேவலை. திரையின் மூலையில் நடப்பதைக்கூடப் பிடித்துச் சொல்கிறார்.

2019 முதல் ஸ்கையில் இருக்கும் நம்ம சென்னை கருண் சந்தோக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2010-இல் ஹிஸ்பானியா அணியின் எஃப்1 காரை ஓட்டியவர். தொடுதிரையில் இரண்டு ஆன்போர்டுகளைப் பக்கத்தில் வைத்து, ஒரே திருப்பத்துக்குள் நிறுத்தி நிறுத்திக் காட்டுவார்: ஒருவர் பிரேக் மிதிக்கும் இடம் எது, திருப்பத்தின் நடுவில் குறைந்தபட்ச வேகம் என்ன, ஆக்சிலரேட்டரை யார் முதலில் முழுதாக அழுத்துகிறார். தாமதமாக பிரேக் பிடித்தவர் வெளியேறும்போது இழக்கிறார் என்பதை வாயால் சொல்வதைவிடக் கண்ணால் பார்ப்பதற்கு அந்த இரண்டு நிமிடம் போதும். பேச்சில் அலட்டலும் கிடையாது.

வியூகத்துக்கு பெர்னி காலின்ஸ். ஆஸ்டன் மார்ட்டின் அணியில் வியூகத் தலைவராக இருந்துவிட்டு 2023-இல் ஸ்கைக்கு வந்தவர். பொது வர்ணனையில் விடுபடும் கணக்கை அவர்தான் போடுகிறார். ஒரு பிட் நிறுத்தத்துக்கு மைதானத்தைப் பொறுத்து 20 முதல் 25 நொடி வரை இழப்பு. சில இடங்களில் இன்னும் கூட. பின்னால் வரும் கூட்டம் 18 நொடியில் இருந்தால் இப்போது உள்ளே போகக்கூடாது, நடுவில் மாட்டிக்கொள்வோம். சேஃப்டி கார் வந்தால் எல்லோரும் மெதுவாக ஓடுவதால் அதே நிறுத்தம் ஏறக்குறைய பாதி விலைக்குக் கிடைக்கும். இதை நிறுத்தத்துக்கு முன்பே சொல்வதுதான் வர்ணனை. நடந்த பிறகு சொன்னால் அது செய்தி வாசிப்பு.

வீட்டிலேயே இந்தக் கணக்கைப் போடலாம். முதலில் பிட்டுக்குப் போகும் காருக்கும், அந்த நேரம் நிற்காமல் ஓடும் ஏதாவது ஒரு காருக்கும் உள்ள இடைவெளியைக் குறித்துக்கொள்ளுங்கள். முன்னால் 4 நொடியில் இருந்தவர் வெளியே வந்தபின் 18 நொடி பின்னால் என்றால் அன்றைய இழப்பு 22. அடுத்த ஒரு மணி நேரத்துக்கு அந்த ஒரு எண் போதும்.

இன்னொன்று: ஒரே அணியின் இரண்டு கார்களை மழையில் வர்ணனையாளர்களே மாற்றிச் சொல்லிவிடுவார்கள். ஓட்டுநர் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கேமராப் பெட்டியைப் பாருங்கள். கறுப்பு என்றால் அணியின் முதல் கார், பளிச்சென்ற மஞ்சள் என்றால் இரண்டாவது.

இந்தியாவில் 2024-இல் ஃபேன்கோட் என்ற இணையத் தளம் உரிமை வாங்கியதிலிருந்து பலருக்கும் இது இணைய ஒளிபரப்புதான். இணையப் படம் மைதானத்தைவிட இருபது, முப்பது நொடி பின்தங்கி வருவது சாதாரணம். கையில் வைத்திருக்கும் நேரக்கணக்குச் செயலி அதற்கு முன்பே ஓடும். எவ்வளவு முன்பு என்று தெரிய, செயலியில் லேப் எண் மாறியதும் எண்ணத் தொடங்கி, டிவியில் மாறும்வரை எண்ணுங்கள். டயர் வயதையும் பழைய லேப் நேரங்களையும் பார்க்க அந்தச் செயலி நல்லது. கடைசி பத்து லேப்புக்கு போனைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள்.