தேன் மடல்: ஐந்து ஆண்டு அனுபவம்

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தை அடுத்த எங்கள் தேனீ வளர்ப்போர் சங்கத்தின் மின்னஞ்சல் மடலை ஐந்து ஆண்டுகளாக நான்தான் எழுதி அனுப்புகிறேன். உறுப்பினர்களுக்கும் எங்களிடம் தேன் வாங்குவோருக்கும் மாதம் ஒன்று. வாங்குவோரில் பலர் வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் நம் மாவட்டத்துக்காரர்கள்.

“வாட்ஸ்அப் இருக்கும்போது இது எதற்கு?” என்று சங்கத்தில் கேட்டார்கள். வாட்ஸ்அப் செய்தி மாலைக்குள் எங்கோ புதைந்துவிடும். சென்ற பருவத்து மடலைத் தேடியெடுத்து, “இதே தேன் வேண்டும்” என்று எழுதுபவர்கள் மின்னஞ்சலில்தான் வருகிறார்கள்.

தொடக்கத்தில் சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்தே அனுப்பினோம். அதில் ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுப்ப முடியும். ஒருமுறை எல்லா முகவரிகளையும் மறைநகலில் (பிசிசி) இடாமல் பெறுநர் பகுதியில் இட்டுவிட்டோம். ஒவ்வொருவர் முகவரியும் மற்ற அத்தனை பேர் கைக்கும் போய்விட்டது. எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அதன் பிறகுதான் மடல் அனுப்புவதற்கென்றே உள்ள சேவைக்கு மாறினோம்.

அதைவிடப் பெரிய தவறு, கண்காட்சிக் கடையில் தேனைச் சுவைத்துப் பார்த்துவிட்டுக் குறிப்பேட்டில் முகவரி எழுதியவர்களை அப்படியே பட்டியலில் சேர்த்தது. அவர்கள் மடலைக் கேட்கவில்லை. வேண்டாத மடல் (ஸ்பேம்) என்று குறித்தார்கள். அதனால் விரும்பிப் படித்த உறுப்பினர்களுக்கும் மடல் ஸ்பேம் பெட்டிக்குப் போகத் தொடங்கியது. அந்த முகவரிகளை முழுதும் நீக்கினோம். இப்போது “மாதம் ஒரு மடல் அனுப்பலாமா?” என்று கேட்டு, சரி என்றவர்களை மட்டுமே சேர்க்கிறோம். பட்டியல் சிறுத்தது, அதில் எனக்கு வருத்தமே இல்லை.

2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் விதிகளை இறுக்கியுள்ளன. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புவோர் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று சரிபார்ப்பு முறைகளையும் அமைக்க வேண்டும். ஒரே சொடுக்கில் விலகும் வசதி தர வேண்டும். ஸ்பேம் புகார் 0.3 விழுக்காட்டை எட்டக் கூடாது. நாங்கள் அந்த அளவுக்கு அனுப்புவதில்லை. ஆனாலும் மூன்றையும் அமைத்துக்கொண்டோம். மடல் உண்மையிலேயே எங்கள் தளப்பெயரிலிருந்துதான் (டொமைன்) வருகிறது என்பதற்கு அவைதான் சான்று. நாகர்கோவிலில் கணினி வேலை பார்க்கும் நண்பர் ஒரு மாலையில் முடித்துக் கொடுத்தார்.

தமிழில் அனுப்புபவர்களுக்குத் தனியே இரண்டு செய்திகள். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை ஒட்டினால் படிப்பவர் கைப்பேசியில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோடு மட்டுமே உதவும். அடுத்து, 102 கேபியை (ஏறத்தாழ ஒரு லட்சம் பைட்) தாண்டும் மடலை ஜிமெயில் பாதியில் வெட்டிவிடுகிறது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் ‘கி’ என்ற ஓரெழுத்துக்கே ஆறு பைட் ஆகும். நீளமாக எழுதினால் கடைசியில் இருக்கும் விலகும் இணைப்பே மறைந்துபோகும். முழு மடலையும் சுவரொட்டிபோல ஒரே படமாக அனுப்புவதும் வேண்டாம்: படம் திறக்காவிட்டால் படிக்க எதுவுமே இருக்காது.

எதை எழுதுவது என்பதை எனக்குக் கற்றுத் தந்தவர் எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர். “ஜனவரி மாதச் செய்திமடல்” என்று தலைப்பிட்டு, கூட்டத் தீர்மானங்களை அடுக்கி வைத்திருந்தேன். “மக்களே, ரப்பர் துளிர்க்கத் தொடங்கிவிட்டது. அதை எழுது” என்றார். எழுதினேன். நம் பக்கத்து ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதல்ல. இலை உதிர்ந்து புதிதாகத் துளிர்க்கும்போது இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பு நீரைத் தேனீக்கள் எடுத்து வருகின்றன. காலமெல்லாம் இந்தத் தேனைச் சாப்பிட்டவர்களுக்கே அது தெரிந்திருக்கவில்லை. அதுவரை எந்த மடலுக்கும் அவ்வளவு பதில்கள் வந்ததில்லை.

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கை நான் இப்போது நம்புவதில்லை. 2021இல் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை வசதியால், ஒருவர் படிக்காத மடலும் படித்ததாகப் பதிவாகலாம். பதில்களை எண்ணுகிறேன். மழைக்காலத்தில் தேனீக்களுக்கு இரை கிடைக்காமல் சர்க்கரைப் பாகு வைப்பதைப் பற்றி எழுதிய மடலுக்குக் குவைத்திலிருந்து ஒருவர் இரண்டே வரியில் பதில் எழுதியிருந்தார். தேன் விலையை அவர் கேட்கவில்லை. குலசேகரம் பக்கம் மழை விட்டதா, பெட்டிகள் நனையாமல் இருக்கின்றனவா என்றுதான் கேட்டிருந்தார்.