ஸ்டிங்ரே பேஸ்: ஒரே பிக்கப்போடு பல வருஷம்

என் மியூசிக் மேன் ஸ்டிங்ரே நாலு கம்பி பேஸ் கிடார், அமெரிக்கத் தயாரிப்பு. மெல்லிசைக் கச்சேரி, சர்ச், ஸ்டுடியோ எல்லாவற்றுக்கும் பல வருஷமாக இதைத்தான் தூக்கிக்கொண்டு போகிறேன். புதிதாக வாங்கினால் இரண்டு லட்சத்தைத் தாண்டும். வாங்கலாமா என்று கேட்கிறவர்களிடம் முதலில் சொல்வது இதுதான்: இதில் இருப்பது ஒரே ஒரு பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் காந்தச் சுருள்). ஃபெண்டர் கம்பெனியின் ஜாஸ் பேஸில் செய்கிற மாதிரி இரண்டு பிக்கப்பை ஏற்றி இறக்கிக் கலக்க முடியாது. அந்த வேலை முழுக்க வலது கையின் தலையில் விழுகிறது.

பிரெசிஷன், ஜாஸ் பேஸ்களைக் கொடுத்த லியோ ஃபெண்டர், தன் பழைய கம்பெனியை விற்றுவிட்டு வந்தபின் கொண்டுவந்த வாத்தியம் இது. வருஷம் 1976. 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்பை (பிக்கப்பின் சிக்னலைப் பெரிதாக்கும் சின்ன சர்க்யூட்டை) உடம்புக்குள்ளேயே வைத்து வந்தது. 1984-க்குப் பிறகு எர்னி பால் கம்பெனி தயாரிக்கிறது.

வலது கை விஷயத்துக்கு வருகிறேன். பிக்கப்புக்கும் பிரிட்ஜுக்கும் (உடம்பில் கம்பிகள் மாட்டியிருக்கும் முனை) நடுவில் விரலை வைத்தால் கம்பி விறைப்பாக இருக்கும், மேல் சுரங்கள் (அடிச்சுரத்தோடு கூடவே ஒலிக்கும் உயர்ந்த ஒலிகள்) தூக்கலாகக் கேட்கும். ஒரு தட்டுக்கு நாலு சுரம் விழும் வேகமான வரிகளுக்கு அந்த இடம். கட்டைவிரலைப் பிக்கப் மேலேயே ஊன்றி வாசித்தால் எல்லாருக்கும் தெரிந்த ஸ்டிங்ரே குரல் வரும், முனையில் கூர்மை, நடுவில் ஓர் உறுமல். ஃப்ரெட்போர்டு (இடது கை அழுத்துகிற கழுத்துப் பலகை) முடிகிற இடம் வரை கையைக் கொண்டுபோனால் சுரம் உருண்டு 'கும்'மென்று விழும். கம்பியின் நடுவை நெருங்க நெருங்க அடிச்சுரம் வலுக்கும், மேல் சுரங்கள் அடங்கும். பிரெசிஷன் சவுண்டு வேண்டும் என்று அடம்பிடித்த இன்ஜினியர்களை நான் சமாளித்தது இப்படித்தான். சரணம் முழுக்கக் கழுத்துப் பக்கம் வாசித்து, பல்லவி திரும்பும்போது கையை நாலு விரற்கடை பின்னால் இழுத்துப் பாருங்கள். எந்த நாபையும் தொடாமலே பாட்டு ஒரு படி ஏறும்.

பழைய பாட்டுகளுக்கு இன்னொரு வழி. உள்ளங்கையின் ஓரத்தை பிரிட்ஜில் கம்பி உட்காரும் சேடில் மேல் லேசாகச் சாய்த்து, கட்டைவிரலின் சதையால் கம்பியைத் தட்டி விடுவது. சுரம் குறுகி, பஞ்சு வைத்த மாதிரி நிற்கும். நகம் பட்டால் கெட்டுவிடும்.

ஸ்லாப்புக்கு (கட்டைவிரலால் கம்பியை அறைந்து வாசிப்பது) இந்த பேஸைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அமெரிக்க பேஸ் கலைஞர் லூயிஸ் ஜான்சன் அந்தக் காலத்திலேயே காட்டிவிட்டார். ஷிக் என்ற டிஸ்கோ குழுவின் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் இதைத்தான் வைத்திருந்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து பிக் பிடித்த மாதிரி சுரண்டுகிற எட்வர்ட்ஸின் பாணி என் கைக்கு இன்னும் முழுசாகப் படியவில்லை. ஸ்லாப் வாசிக்கும்போது ட்ரெபிளைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வேன், இல்லாவிட்டால் கம்பியின் உலோகச் சத்தம் டிரம்ஸின் ஹை-ஹாட் தாளத்தட்டோடு மோதும்.

ப்ரீஆம்ப் நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே பெரிதாக்கும். விரல் உரசல், சும்மா கிடக்கிற ஈ கம்பியின் முனகல் எல்லாம் ஸ்பீக்கரில் வந்து நிற்கும். அதனால் வலது கட்டைவிரலை ஒரே இடத்தில் ஊன்றாமல், வாசிக்கிற கம்பிக்கு மேலே உள்ள கம்பிகளின் மீது படுக்க வைத்துப் பழகுங்கள். டி கம்பியில் வாசிக்கும்போது ஈயும் ஏயும் கட்டைவிரலுக்கு அடியில் ஊமையாக இருக்க வேண்டும்.

அடி ஒலியைக் கூட்டும் 'பேஸ்' நாபை முழுசாகத் திருப்புகிற ஆசை எல்லாருக்கும் வரும். கல்யாண மண்டபத்தில் அது எடுபடாது. திறந்த ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ். அந்தப் பகுதியைத் தூக்கினால் ஹால் முழுக்க ஒரே இரைச்சல், கிக் டிரம் எது, பேஸ் எது என்று தெரியாது. வீடியோ எடுத்தவர் போனில் போட்டுக் கேட்டால் நம் வாத்தியமே இருக்காது, ஏனென்றால் அந்தச் சின்ன ஸ்பீக்கரில் வருவது மேல் சுரங்கள் மட்டும்தான். கால் சுற்றுக்கு மேல் நான் போவதில்லை.

மண்டபத்தில் இதை நான் நம்புவதற்கு இதில் உள்ள ஹம்பக்கர் பிக்கப் (இரண்டு சுருள் சேர்ந்து கரண்ட் ரீங்காரத்தை அடக்குவது) இன்னொரு காரணம். சீரியல் செட்டும் ஜெனரேட்டரும் சூழ்ந்த மேடையில் ஒரே சுருள் உள்ள சிங்கிள் காயில் பிக்கப் 50 ஹெர்ட்ஸில் ரீங்காரம் போடும். ஈ கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில் வரும் ஜி சுரமோ 49 ஹெர்ட்ஸ். இரண்டும் சேர்ந்தால் சுரம் நொடிக்கொரு தரம் அலை அலையாகத் தள்ளாடும். ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்பையும் சமமாகத் திறந்தால்தான் அது அடங்கும். ஸ்டிங்ரேயில் அந்தக் கவலை இல்லை.

பராமரிப்பு சுலபம். ஏசி ஸ்டுடியோவிலிருந்து கடற்கரைக் காற்றுக்கு வந்தால் எந்தக் கழுத்தும் அசையும். இதில் டிரஸ் ராடின் (கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பி) சக்கரம் கழுத்தின் அடியிலேயே வெளியில் தெரிகிறது. சின்ன ஸ்க்ரூடிரைவரைச் சொருகிக் கால் சுற்று திருப்பினால் போதும், கழுத்தைக் கழற்ற வேண்டாம். கழுத்தில் வார்னிஷ் கிடையாது, எண்ணெயும் மெழுகும்தான். வியர்வைக் கையிலும் ஒட்டாமல் வழுக்கும், ஆனால் அழுக்கேறும், துடைத்து மறுபடி எண்ணெய் பூச வேண்டும். கேபிள் சொருகியிருக்கும் வரை பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும், வாசித்து முடித்ததும் பிடுங்கிவிடுங்கள். பேட்டரி செத்தால் சத்தமே வராது, உபரியாக ஒன்று பையில் இருக்கட்டும்.

ஜாஸ் பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் மாதிரி பிரிட்ஜ் பிக்கப்பின் அந்த முணுமுணுப்புதான் வேண்டும் என்றால் ஜாஸ் பேஸையே வாங்குங்கள். ஸ்டிங்ரே குரல் பிடித்து பட்ஜெட் உதைத்தால், ஸ்டெர்லிங் என்ற பெயரில் வரும் விலை குறைந்த வரிசையை முதலில் வாசித்துப் பாருங்கள். கடையில் நாபைத் திருகுவதற்கு முன், ஒரே வரியை மூன்று இடத்திலும் கையை நகர்த்தி வாசிக்க மறக்க வேண்டாம்.