எழுத்தாளர் அறைக்குள் நுழைய எந்தக் கதவைத் தட்டலாம்? அமெரிக்கத் தொலைக்காட்சிப் பயிற்சித் திட்டங்கள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

2004-ல் 'தி ஆஃபீஸ்' தொடரின் எழுத்தாளர் குழுவில் மிண்டி கேலிங் சேர்ந்தபோது அவருக்கு வயது 24. எட்டுப் பேர் கொண்ட குழுவில் அவர் ஒருவர்தான் பெண். அப்பா வழியில் தமிழர். பிறந்தபோது வைத்த பெயரில் சொக்கலிங்கம் என்பதும் உண்டு. என்பிசி நிறுவனத்தின் பன்முகத்தன்மைத் திட்டம் வழியாகத்தான் அவருக்கு அந்த வேலை கிடைத்தது. அதைச் சொல்லிக்கொள்ள நெடுநாள் கூச்சப்பட்டதாக அவரே பேசியிருக்கிறார். மற்றவர்களுக்குத் தெரிந்தவர், வேண்டியவர் மூலமாகக் கிடைத்த அதே நுழைவுதான் தனக்குத் திட்டத்தின் மூலம் கிடைத்தது என்பது பின்னால்தான் புரிந்ததாம்.

இந்தத் திட்டங்களை எடைபோட அந்த அனுபவமே சரியான அளவுகோல் என்று நினைக்கிறேன். காட்சி அமைப்பது, வசனம் எழுதுவது எல்லாம் புத்தகத்திலும் இணையத்திலும் கிடைக்கும். கிடைக்காதது ஆள் பழக்கம். அதனால் ஒரு திட்டம் எவ்வளவு நன்றாகக் கற்றுக்கொடுக்கிறது என்று நான் முதலில் பார்க்க மாட்டேன். அது சம்பளம் தருகிறதா, எந்த மாதிரி ஸ்கிரிப்ட் கேட்கிறது, முடிந்த பிறகு யார் அறையில் உட்கார வைக்கிறது, இரண்டாவது சீசனிலும் அந்த நாற்காலி இருக்குமா என்பதையே பார்ப்பேன்.

அமெரிக்காவில் ஒரு தொடரை ஒருவர் மட்டும் எழுதுவது அபூர்வம். மேசையைச் சுற்றிக் குழுவாக உட்கார்ந்து, வெள்ளைப் பலகையில் ஒவ்வொரு எபிசோடாகக் கதையைப் பிரிப்பார்கள். மேலே ஷோரன்னர், அதாவது தொடரையே தலைமை ஏற்று நடத்துபவர். எழுத்தாளர்களில் கடைசிப் படி ஸ்டாஃப் ரைட்டர். அதற்கும் கீழே, பேசுவதையெல்லாம் தட்டச்சு செய்யும் ரைட்டர்ஸ் அசிஸ்டெண்ட்.

அந்தக் கடைசி இருக்கையில் ஒரு பெண் இருந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு நீதிமன்றப் பதிவே இருக்கிறது. 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரில் ரைட்டர்ஸ் அசிஸ்டெண்டாக இருந்த ஒரு கறுப்பினப் பெண் 1999-ல் நீக்கப்பட்டார். தட்டச்சு வேகம் போதவில்லை என்று காரணம் சொன்னார்கள். அறையில் ஓயாமல் நடந்த பாலியல் பேச்சைச் சொல்லி அவர் வழக்குப் போட்டார். 2006-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பெரியவர்களுக்கான நகைச்சுவைத் தொடர் எழுதும் இடத்தில் அந்தப் பேச்சு வேலையின் பகுதி, அவரைக் குறிவைத்து நடந்தது அல்ல என்பது தீர்ப்பின் சாரம். சட்டம் அப்படிச் சொல்லிவிட்ட பிறகு, அறைக்குள் யார் யார் உட்காருகிறார்கள் என்பதை மாற்றுவதுதான் மிச்சமிருந்த வழி. பெண்களுக்கும், திருநர்களுக்கும், ஆண் பெண் என்ற இரண்டுக்குள் அடங்காதவர்களுக்கும் தனித் திட்டங்கள் ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இந்த வழக்கைத்தான் காட்டுவேன்.

முதலில் ஸ்டூடியோக்கள் நடத்தும் திட்டங்கள். இவை பாலினத்துக்கென்று மட்டும் ஒதுக்கப்பட்டவை அல்ல. ஆனால் பல ஆண்டுகளாகப் பெண்களும் நிறச் சிறுபான்மையினரும் உள்ளே வந்த முக்கியமான வழி. டிஸ்னியின் எழுத்தாளர் திட்டம் 1990-ல் தொடங்கியது. இதன் பெரிய பலம் காசு. தேர்வானவர்களுக்குச் சம்பளம் உண்டு. ஒரு காலத்தில் ஆண்டுக்கு 50,000 டாலர் என்று அறிவித்தே ஆள் எடுத்தார்கள். அறிவியல் புனைவுத் தொடர்களில் பெரிய பெயர் வாங்கிய ஜேன் எஸ்பென்சன் 90-களில் இந்த வழியாக வந்தவர்தான். நிக்கலோடியன் 2000-ல் தொடங்கிய திட்டமும் சம்பளம் தருவது; ஆனால் அங்கே குழந்தைகள் நிகழ்ச்சி எழுத மனசு வேண்டும்.

சிபிஎஸ் நிறுவனம் 2004-ல் தொடங்கிய எழுத்தாளர் வழிகாட்டித் திட்டம் வேறு ரகம். சம்பளம் கிடையாது, வேலை உத்தரவாதமும் கிடையாது. நிறுவனத்தின் நிர்வாகிகள் வழிகாட்டிகளாக வருவார்கள். ஸ்கிரிப்டைத் திருத்தி எழுத வைப்பார்கள். ஷோரன்னர்களைச் சந்திக்க ஏற்பாடு செய்வார்கள். என்பிசியின் 'ரைட்டர்ஸ் ஆன் த வெர்ஜ்' மாலை வகுப்பாகப் பன்னிரண்டு வாரம் நடந்தது. பகலில் எங்கோ உதவியாளராக வேலை பார்ப்பவர் வேலையை விடாமலே வரலாம். வீட்டு வாடகைக்கு வழி இல்லாதவருக்கு இந்த வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை. சம்பளம் இல்லாத முழுநேரப் பயிற்சியில் பணம் இருப்பவர் மட்டும்தான் தாக்குப்பிடிக்க முடியும். பிள்ளை வளர்க்கும் பெண்ணுக்கு மாலை வகுப்பும் சுலபமில்லை. லாஸ் ஏஞ்சலஸ் நெரிசலில் சாயங்காலம் ஆறு மணிக்கு ஊரைக் கடந்து போய்ச் சேருவதே ஒரு வேலை.

ஸ்டூடியோ வழியில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அதை யாரும் விளம்பரத்தில் போட மாட்டார்கள். இப்படி வரும் ஸ்டாஃப் ரைட்டரின் முதல் ஆண்டுச் சம்பளத்தைப் பல நேரம் தொடரின் பட்ஜெட்டிலிருந்து எடுப்பதில்லை. நிறுவனமே தனி நிதியிலிருந்து கொடுத்துவிடும். ஷோரன்னருக்கு அது இலவச ஆள். அடுத்த சீசனில் அந்தப் பெண்ணை மேல் படியான ஸ்டோரி எடிட்டராக உயர்த்தினால் சம்பளம் தொடரின் கணக்கில் விழும். அவரை விட்டுவிட்டு வேறொரு இலவச ஆளை எடுத்துக்கொள்வது லாபம். இப்படியே இரண்டு மூன்று தொடர்களில் கடைசிப் படியிலேயே நின்றவர்கள் நிறைய. டிடிஐஇ என்ற எழுத்தாளர் குழு 2019-ல் வெளியிட்ட அறிக்கை இந்தப் பிரச்சினையை வெளிப்படையாகப் பேசியது. அதோடு, ஸ்டாஃப் ரைட்டர் ஒரு எபிசோடை முழுதாக எழுதினாலும் தனி ஸ்கிரிப்ட் கட்டணம் கிடையாது, வாரச் சம்பளம் மட்டும்தான் என்ற நிலையும் இருந்தது. 2023-ல் 148 நாள் வேலைநிறுத்தம் நடத்திய பிறகே எழுத்தாளர் சங்கம் அதை மாற்ற முடிந்தது. இலவச நாற்காலியை மறுக்கச் சொல்லவில்லை. உட்காரும்போதே, இரண்டாவது சீசன் பற்றி ஏஜெண்டை விட்டுக் கேட்க வைக்க வேண்டும் என்கிறேன்.

சரி, பாலினத்துக்கென்றே உள்ள திட்டங்களுக்கு வருவோம். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, டபிள்யூஐஎஃப் அமைப்பும் ப்ளாக் லிஸ்டும் சேர்ந்து நடத்தும் எபிசோடிக் லேப். 'விமன் இன் ஃபிலிம்' என்ற பெயரில் 1973-ல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய அமைப்பு அது. ப்ளாக் லிஸ்ட், 2005-ல் ஃப்ராங்க்ளின் லியனார்ட் தொடங்கியது. அந்த ஆண்டில் படமாகாத நல்ல ஸ்கிரிப்ட் எது என்று தொழிலில் இருப்பவர்களிடம் கேட்டு அவர் தொகுத்த பட்டியல் அது. 2012 முதல் யார் வேண்டுமானாலும் ஸ்கிரிப்டை ஏற்றி வைக்கும் தளமாகவும் நடக்கிறது. இந்த லேபில் பெண்களும், குறைவான வாய்ப்புப் பெறும் மற்றப் பாலினத்தவரும் விண்ணப்பிக்கலாம். தேர்வாகிறவர்கள் பத்துப் பேருக்குள்தான். ஷோரன்னர்கள், நிர்வாகிகள், ஏஜெண்டுகள் ஆகியோருடன் அமர்வுகள் உண்டு. பைலட்டை, அதாவது புதுத் தொடரின் முதல் எபிசோடை, திருத்தி எழுத வழிகாட்டுவார்கள். கதையை எடுத்துச் சொல்லி விற்கவும் பழக்குவார்கள்.

லேபில் சேரக் கட்டணம் இல்லை. ஆனால் ப்ளாக் லிஸ்ட் தளத்தில் ஸ்கிரிப்டைத் தொடர்ந்து வைத்திருக்க மாதக் கட்டணமும், தொழில்முறை வாசகரிடம் மதிப்பெண் வாங்கத் தனிக் கட்டணமும் உண்டு. பத்துக்கு எட்டு வந்தால் மேற்கொண்டு சில சலுகைகள் கிடைக்கும் என்ற ஆசையில் திரும்பத் திரும்பப் பணம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வேண்டாம். ஒரு மதிப்பீடு வாங்குங்கள், அதில் வந்த குறையைச் சரி செய்யுங்கள், அப்புறம் லேபுக்கு அனுப்பிவிட்டு நிறுத்துங்கள்.

ஸ்டூடியோ திட்டத்துக்கும் இந்த லேபுக்கும் உண்மையான வேறுபாடு கேட்கும் ஸ்கிரிப்டில் இருக்கிறது. ஸ்டூடியோக்கள் நெடுங்காலமாக ஸ்பெக் கேட்டன. அதாவது இப்போது ஒளிபரப்பாகும் வேறொருவர் தொடருக்கு நீங்களாகவே எழுதிய ஒரு எபிசோட். அடுத்தவர் குரலில் எழுத வருமா என்று பார்க்க அது நல்ல சோதனைதான், வேலையும் அதுதானே. ஆனால் அந்தத் தொடர் நின்றுபோனால் உங்கள் இரண்டு மாத உழைப்பும் அதோடு போச்சு. எபிசோடிக் லேப் கேட்பது சொந்தக் கதையில் எழுதிய பைலட். அது சீக்கிரம் பழசாகாது. இன்னொரு விஷயம்: வேறெங்கும் எழுதப்படாத வாழ்க்கையைக் கையில் வைத்திருப்பவருக்குச் சொந்தப் பைலட்டில்தான் பலம். மருத்துவமனைத் தொடருக்கு ஸ்பெக் எழுதும் திருநங்கையும் மற்றவரும் அங்கே ஒரே வரிசையில்தான் நிற்பார்கள். தன் வீட்டைப் பற்றி எழுதும்போது அவருக்குப் போட்டியே கிடையாது. ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர் முதலில் பைலட்டை முடிக்க வேண்டும், ஸ்பெக் பிறகு என்பது என் கருத்து.

சன்டான்ஸ் நிறுவனத்தின் எபிசோடிக் லேப் (2014) எல்லாப் பாலினத்தவருக்கும் பொது. அதன் பெயருக்குத் தொழிலில் மரியாதை அதிகம், போட்டியும் அப்படியே. டபிள்யூஐஎஃப் லேபுக்கு எழுதிய பைலட்டையே இங்கும் அனுப்பலாம் என்பதால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் அவசியமே இல்லை.

நாற்பது வயது தாண்டிய பெண்களுக்கு 'தி ரைட்டர்ஸ் லேப்' என்று ஒன்று இருக்கிறது. நியூயார்க் விமன் இன் ஃபிலிம் அமைப்பும் ஐரிஸ் அமைப்பும் சேர்ந்து 2015-ல் தொடங்கியது. முதல் பணம் கொடுத்தவர் நடிகை மெரில் ஸ்ட்ரீப். முதல் ஆண்டு லேக் ஜார்ஜ் ஏரிக்கரையில் உள்ள வியாவாக்கா என்ற பழைய பெண்கள் இல்லத்தில் நடந்தது. தேர்வான பன்னிரண்டு பேருடன் உட்கார்ந்து பேச இயக்குநர் ஜினா பிரின்ஸ்-பைத்வுட் போன்றவர்கள் வந்தார்கள். இது சினிமாத் திரைக்கதைக்காகத் தொடங்கியது, தொலைக்காட்சிக்காக அல்ல. இருந்தாலும் இதை ஒப்பீட்டில் சேர்க்கக் காரணம் வயது. பிள்ளைகள் பள்ளி முடித்த பிறகு பேனா எடுக்கும் பெண்ணை இருபத்தைந்து வயதுக்காரர்களோடு நிறுத்தாத இடங்கள் மிகக் குறைவு. வாழ்க்கை பார்த்தவர் எழுத்துக்கு ஒரு கனம் உண்டு. தொலைக்காட்சி ஸ்டூடியோக்களில் யாராவது இதே மாதிரி ஒன்றைத் தொடங்கியிருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

இவை எல்லாவற்றையும்விட நேராக இலக்கைத் தொட்ட முயற்சி ஒரு நிறுவனத் திட்டமே அல்ல. 'ட்ரான்ஸ்பேரன்ட்' தொடரை உருவாக்கிய ஜோயி சோலவே, திருநங்கை ஒருவரை மையமாக வைத்த தொடரின் எழுத்தாளர் அறையில் திருநங்கை இல்லை என்ற குறையைச் சரி செய்யக் கிளம்பினார். தேடியபோது தொலைக்காட்சி ஸ்கிரிப்ட் எழுதிப் பழகிய திருநங்கைகள் கிடைக்கவில்லை. யாரும் அவர்களுக்கு அந்த வாய்ப்பைத் தந்திருந்தால்தானே. அதனால் ஸ்கிரிப்ட் கேட்காமல் சிறுகதை அனுப்பச் சொன்னார். பிடித்த சிலரைக் கூட்டி வைத்துத் தொலைக்காட்சி எழுத்தின் அடிப்படையைச் சொல்லிக் கொடுத்தார். அவர்களில் ஒருவர், 'அவர் லேடி ஜே' (Our Lady J) என்ற இசைக் கலைஞர், இரண்டாவது சீசனின் எழுத்தாளராக வேலைக்கு எடுக்கப்பட்டார். பிறகு 'போஸ்' தொடரிலும் எழுதினார். பயிற்சிக்கும் வேலைக்கும் நடுவே இடைவெளியே இல்லை. கற்றுக்கொடுத்தவரே வேலை கொடுத்தார், கொடுக்கும் அதிகாரமும் அவரிடமே இருந்தது. ஷோரன்னர் மனசு வைத்தால் ஆகிற காரியத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. குறை ஒன்றுதான்: இந்த வழிக்கு விண்ணப்பப் படிவம் கிடையாது.

இப்போது விண்ணப்பிக்க நினைப்பவர் தொழிலின் நிலவரத்தையும் பார்க்க வேண்டும். 2022 அக்டோபரில் வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி செலவைக் குறைக்கிறோம் என்று தன் பழைய தொலைக்காட்சிப் பட்டறையை மூடுவதாக அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் ஓரிரு நாளில் வேறு பிரிவின் கீழ் தொடரும் என்று சொன்னது. 2024-ல் ஒரு ஸ்கிரிப்ட் ஒருங்கிணைப்பாளர், தான் வெள்ளையர், ஆண் என்பதால் ஸ்டாஃப் ரைட்டர் வேலை மறுக்கப்பட்டது என்று சிபிஎஸ் மீது வழக்குப் போட்டார், 2025-ல் சமரசமானது. அதே ஆண்டு சிபிஎஸ்ஸின் தாய் நிறுவனமான பாரமவுண்ட் தன் பன்முகத்தன்மை இலக்குகளைக் கைவிட்டது; டிஸ்னி, என்பிசியின் தாய் நிறுவனமான காம்காஸ்ட் ஆகியவற்றின் நடைமுறைகளைக் கூட்டரசின் தகவல்தொடர்பு ஆணையம் விசாரிக்கத் தொடங்கியது. பெரிய நிறுவனத்தின் திட்டம் ஒரு பட்ஜெட் கூட்டத்திலோ ஒரு வழக்கிலோ காணாமல் போகும். டபிள்யூஐஎஃப் மாதிரி அமைப்பிடம் பணம் குறைவு. ஆனால் இந்த வேலைக்காகவே அது இருக்கிறது, அதனால் சுலபத்தில் விட்டுவிட்டுப் போகாது. முன்பெல்லாம் டிஸ்னியை முதலிலும் லேபை இரண்டாவதாகவும் சொல்லியிருப்பேன். இன்று வரிசையை மாற்றுவேன்.

அமெரிக்காவில் இருக்கும் நம் ஊர்ப் பெண்களுக்கு ஒரு குறிப்பு. சம்பளம் தரும் திட்டம் என்றால் அது வேலை. அமெரிக்காவில் வேலை செய்யும் உரிமை வேண்டும். எச்-1பி விசா, அதற்கு மனுப் போட்ட முதலாளியோடு கட்டிப்போட்டது. அதை மட்டும் வைத்துக்கொண்டு டிஸ்னியில் சேர முடியாது. எச்-4 விசாவில் இருப்பவருக்கு, துணைவரின் கிரீன் கார்டு மனு குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால், 2015 முதல் வேலை அனுமதி அட்டை கிடைக்கிறது. அந்த அட்டையோடு யாரிடமும் வேலை பார்க்கலாம். அட்டை வராதவர் சம்பளமில்லாத லேபுகளின் விதிகளை வரி விடாமல் படித்துவிட்டு அங்கே முயலலாம். காத்திருக்கும் காலத்தில் பைலட்டை எழுதி முடிக்க எந்த விசாவும் தடையில்லை. முடித்த பைலட் ஒன்று மேசையில் இருந்தால், எந்தத் திட்டம் எந்த மாதம் திறந்தாலும் அன்றைக்கே அனுப்பிவிடலாம்.