தொல்லை தரும் ரூம்மேட்: பேசுவதா, ஓனரிடம் போவதா, அனுப்புவதா, நாமே கிளம்புவதா?

கல்லூரிப் பக்கத்தில் நான்கு பேர் சேர்ந்து வீடு எடுத்திருக்கிறீர்கள். சென்னைப் பக்கம் பொத்தேரியோ தாம்பரமோ வேளச்சேரியோ, கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான். வாடகை 16,000, அட்வான்ஸ் 80,000 என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு மாதம் 4,000, அட்வான்ஸில் பங்கு 20,000. நால்வரில் ஒருவர் நள்ளிரவில் ஸ்பீக்கர் போடுகிறார், வாடகையை இழுத்தடிக்கிறார், சொல்லாமல் ஆட்களைக் கூட்டிவந்து தங்கவைக்கிறார். என்ன செய்யலாம்?

வழிகளை எடைபோடும் முன் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். பதினோரு மாத அக்ரிமென்ட் யார் பெயரில் இருக்கிறது? அட்வான்ஸ் யார் கையிலிருந்து ஓனருக்குப் போனது? யார் நியாயஸ்தர் என்பதை விட இந்த இரண்டு பதில்களே சண்டையின் முடிவைத் தீர்மானிக்கின்றன. அக்ரிமென்ட்டும் அட்வான்ஸ் ரசீதும் தொல்லை தருபவரின் பெயரில் இருந்தால், கீழே உள்ளவற்றில் பாதி வழிகள் உங்களுக்கு இல்லை.

நேரில் பேசுவது

சத்தம், சமையலறை அழுக்கு, விருந்தாளிகள், கேட்காமல் பொருளை எடுப்பது ஆகியவற்றுக்கு இதுதான் முதல் வழி. செலவில்லாதது. பலிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் பேசும் விதம்தான் காரணம். மூன்று பேர் ஒருவரைச் சுற்றி உட்கார்ந்தால் அது பஞ்சாயத்து ஆகிவிடும். அவர் காதில் விழுவது குற்றச்சாட்டு மட்டும்தான். அவரோடு ஓரளவு நெருக்கமான ஒருவர், பகலில், தொல்லை நடக்காத நேரத்தில், ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுக்க வேண்டும். "மச்சான், ராத்திரி பத்து மணிக்கு மேல ஸ்பீக்கர் வேணாம்டா, ஹெட்போன் போட்டுக்கோ. எனக்குக் காலையில லேப் இருக்கு" என்றால் போதும். போன செமஸ்டரில் உடைந்த குக்கரை அதோடு சேர்த்தால் ஸ்பீக்கர் பேச்சு அங்கேயே செத்துவிடும்.

கேட்பது சரிபார்க்கக் கூடியதாக இருக்கட்டும். "கிச்சனை க்ளீனா வெச்சுக்கோ" என்பதற்கு நான்கு பேருக்கும் நான்கு அர்த்தம். "சாப்பிட்ட தட்டை அன்னிக்கே கழுவிடணும்" என்பதில் வாதம் இல்லை. ஒத்துக்கொண்ட பிறகு அதை வாட்ஸ்அப் குழுவில் ஒற்றை வரியாகப் போட்டுவையுங்கள். ஆனால் முதல் பேச்சையே குழுவில் தொடங்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் வகுப்பு முழுக்கச் சுற்றும், அப்புறம் அவர் மானத்துக்காகச் சண்டை போடுவார். ஜாடைமாடையாகப் பேசுவதும், கதவில் சீட்டு ஒட்டுவதும் அதே ரகம். இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள். ஒரு முறை நினைவூட்டியும் மாறவில்லை என்றால் பேச்சின் எல்லை அவ்வளவுதான்.

ஏற்பாட்டை மாற்றுவது

இதைத்தான் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆளைத் திருத்த வேண்டியதில்லை, அவர் பழக்கம் உங்களைத் தொடாதபடி வீட்டை மாற்றினால் போதும் என்ற இடங்கள் நிறைய. இரவு விழிப்பவர்கள் இருவரை ஒரே அறையில் போடுங்கள். பொதுப் பாத்திரங்களை எடுத்துவைத்துவிட்டு ஆளுக்கு ஒரு தட்டு, ஒரு டம்ளர் என்று பிரியுங்கள். சிங்கில் கிடப்பது யாருடையது என்பது தானாகத் தெரியும். அலமாரிக்குச் சின்னப் பூட்டு. பொது மளிகையை நிறுத்திவிட்டு இருவர் இருவராகச் சமைப்பதும் ஒரு வழி.

பணத் தகராறில் இந்த வழிக்கு இணை இல்லை. கரண்ட் பில்லைப் பாருங்கள். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுப்பு, முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால், 500க்கு மேற்பட்ட யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே உள்ள சில யூனிட்டுகளுக்கும் விலை கூடிவிடும். ஒன்றரை டன் ஏசி மணிக்குச் சுமார் ஒன்றேகால் யூனிட் இழுக்கும். இரவு எட்டு மணி நேரம் ஓடினால் 10 யூனிட், அறுபது நாளில் 600. ஒருவருடைய ஏசி மட்டுமே முழு வீட்டையும் மேல் படிக்குத் தூக்கிவிடுகிறது. அதனால் பில்லை நான்காகப் பிரிப்பது அநியாயம். யூனிட்டை எண்ணி சராசரி விலையால் பெருக்குவதும் சரியாக வராது. ஏசி லைனில் அதன் யூனிட்டைத் தனியாகக் காட்டும் சப்-மீட்டர் வையுங்கள். அந்த யூனிட்டைக் கழித்தால் பில் எவ்வளவு வந்திருக்கும் என்று பாருங்கள். அந்தத் தொகையை நால்வரும் பகிருங்கள், மிச்ச வித்தியாசம் முழுவதும் ஏசி போட்டவருடையது. இந்தக் கணக்கை ஒரு முறை தாளில் காட்டிவிட்டால், ஏசியை அணைக்கச் சொல்லி யாரும் கெஞ்ச வேண்டியிருக்காது.

வாடகையிலும் அப்படித்தான். ஒருவர் வசூலித்து ஓனருக்குப் போடும்போது, தாமதிப்பவரின் பங்கைத் தன் கையிலிருந்து போட்டு மூடி மறைப்பவர் அந்த வசூலிப்பவர்தான். மூன்று மாதத்தில் அவருக்கு 12,000 நிற்கும், மற்றவர்களுக்குத் தெரியவே தெரியாது. ஓனர் சம்மதித்தால் ஆளுக்கு ஆள் நேராக யுபிஐயில் போடுவது நல்லது. சம்மதிக்கவில்லை என்றால், அனுப்பிய ரசீதை மூன்றாம் தேதிக்குள் குழுவில் போடுவது என்று வையுங்கள்.

ஓனரிடம் போவது

பலர் முதலில் ஓடுவது இங்கேதான். எங்கள் மதிப்பீட்டில் இது முதல் வழி அல்ல. பேச்சிலர் பையன்களுக்கு வீடு கொடுத்ததற்கே அக்கம்பக்கத்தில் பேச்சு வாங்கிக்கொண்டிருப்பவர் ஓனர். "சார், இவன் தொல்லை தாங்கல" என்றால் அவர் காதில் விழுவது "இந்த வீட்டில் பிரச்சினை". எளிதான தீர்வாக நால்வரையும் காலி செய்யச் சொல்வார். சத்தம், அழுக்கு போன்றவற்றுக்கு அவரிடம் போவது உங்கள் தலையில் நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது.

போக வேண்டிய இடமும் உண்டு: சுவர், மோட்டார், பைப் என்று அட்வான்ஸில் கழியக்கூடிய சேதம், வாடகை பாக்கி அவர் வரை எட்டப்போகிறது என்ற நிலை, ஆள் மாற்றம். இருவராகப் போங்கள், புகாரோடு அல்ல, ஏற்பாட்டோடு போங்கள். "அடுத்த மாசம் ஒருத்தர் காலி பண்றார் சார், பதிலுக்கு எங்க டிபார்ட்மென்ட் பையன் வர்றான், ஆதார் ஜெராக்ஸ் கொண்டுவந்திருக்கோம்" என்றால் பெரும்பாலான ஓனர்கள் மறுப்பதில்லை.

சட்டத்தையும் அளவோடு நம்புங்கள். 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அது ஓனருக்கும் வாடகைதாரருக்கும் இடையிலான வழக்குக்கானது. ரூம்மேட் சண்டையை வாடகை அதிகாரியிடம் கொண்டுபோக முடியாது. ஆனால் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் உள்வாடகைக்கு விடக்கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. ஒருவர் பெயரில் மட்டும் அக்ரிமென்ட் இருந்தால், மற்ற மூவரின் பெயரையும் குடியிருப்பவர்களாக அதில் எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உங்கள் மூவர் கையிலும் ஒரு காகிதமும் இல்லை.

அவரை அனுப்புவது

மற்ற மூவரும் ஒரே பேச்சில் நின்றால் மட்டுமே இது நடக்கும். ஒருவர் இரண்டு பக்கமும் தலையாட்டினாலும் வேலைக்காகாது. முதலில் பதிலுக்கு வருபவரை உறுதி செய்யுங்கள். ஆள் இல்லாமல் அனுப்பினால் மூவருக்கும் வாடகை 4,000லிருந்து 5,333 ஆகும். பிறகு முப்பது நாள் கெடு கொடுங்கள், செமஸ்டர் தேர்வு அந்த முப்பது நாளுக்குள் வராதபடி.

கணக்கு முடிப்பதில்தான் எல்லாம் கெடும். புதியவர் தரும் 20,000 போகிறவருக்குச் சேர வேண்டும். அதிலிருந்து என்ன கழிக்கலாம்? வாடகை பாக்கி 4,000. கிளம்பும் நாளில் மீட்டரைப் படம் எடுத்து, அதுவரையிலான கரண்ட் பங்கு, 900 என்று கொள்வோம். காலி செய்யும்போது பெயின்டிங்குக்கென்று ஓனர் ஒரு மாத வாடகையைப் பிடிப்பார் என்றால் தலைக்கு 4,000. ஆனால் அவர் பதினோரு மாதத்தில் எட்டு மாதம்தான் இருந்தார், ஆகவே எட்டு பங்கு, சுமார் 2,900. மீதி 12,200. பெயின்டிங் பங்கை முழுதாகப் பிடித்தால் சண்டை, பிடிக்காமல் விட்டால் பின்னால் வருபவர் தலையில் விழும். கழித்த 2,900 புதியவருக்கே சேர வேண்டும், முடிவில் ஓனர் பிடிக்கும்போது அவர் பங்கிலிருந்துதான் போகும்.

செய்யவே கூடாதவையும் இருக்கின்றன. பூட்டை மாற்றுவது, சாமானைத் தெருவில் வைப்பது, பாக்கிக்காக லேப்டாப்பையோ சான்றிதழ்களையோ பிடித்துவைப்பது. இவற்றைச் செய்த மறுநொடி புகார் உங்கள் மேல் வரும், அதுவரை உங்கள் பக்கம் இருந்த நியாயமும் போய்விடும்.

நாமே கிளம்புவது

தோல்வி என்று நினைத்து இதைத் தள்ளிப்போடுபவர்கள் அதிகம். அக்ரிமென்ட் அவர் பெயரில் இருந்தாலோ, மற்றவர்கள் அவர் பக்கம் நின்றாலோ இதுதான் மலிவான வழி. இழப்பு அட்வான்ஸ் பங்கில்தான். அதைத் திரும்பப் பெற, உங்கள் இடத்துக்கு வேறு ஆளைக் காட்டுவது உங்கள் பொறுப்பு. செமஸ்டர் நடுவில் ஆள் கிடைப்பது கஷ்டம். மே, ஜூனிலும் டிசம்பரிலும் பலர் இடம் மாறுவதால் எளிது. பிஜிக்கு (பேயிங் கெஸ்ட் விடுதிக்கு) போகும் மாணவிகள், 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி மகளிர் விடுதிக்கு உரிமம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்துச் சேருங்கள்.

எடைபோடக் கூடாத இடங்கள்

அடி, மிரட்டல், அத்துமீறல் என்றால் மேலே சொன்ன எந்த வரிசையும் வேண்டாம். 112ஐ அழையுங்கள், அன்று இரவு வேறு இடத்தில் தங்குங்கள். மூத்த மாணவர் இளையவரை வேலைவாங்கி மிரட்டினால், யுஜிசியின் ராகிங் எதிர்ப்பு எண் 1800-180-5522. வீட்டில் கஞ்சா புழங்கினால், தெரிந்தும் இடம் கொடுத்தவர் என்று குடியிருப்பவர் மீதும் வழக்கு வரச் சட்டத்தில் இடமுண்டு. அதில் நட்பு பார்க்காதீர்கள்.

நேற்றுவரை சரியாக இருந்தவர் திடீரென்று குளிக்காமல், வகுப்புக்குப் போகாமல், இரவெல்லாம் விழித்து, யாரோடும் பேசாமல் இருந்தால், அவரைத் தொல்லை என்று கணக்கில் எழுதிவிடாதீர்கள். வாடகைப் பேச்சை ஒதுக்கிவைத்துவிட்டு வீட்டாருக்கோ கல்லூரி ஆலோசகருக்கோ சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இலவசம், தமிழிலும் பேசலாம்.

யார் கிளம்பினாலும் சாவி கைமாறும் நாளில் ஒரு வெள்ளைத் தாளில் தேதி, மீட்டர் ரீடிங், கழித்த தொகை, கொடுத்த தொகை, திருப்பிய சாவிகளின் எண்ணிக்கை எல்லாம் எழுதி, போகிறவர், வருகிறவர், இருப்பவர்களில் ஒருவர் கையெழுத்திடுங்கள். கேஸ் சிலிண்டர் இணைப்பு போகிறவர் பெயரில் இருந்தால் அதையும் அன்றே பேசி முடித்துவிடுங்கள். அடுத்த புக்கிங் ஓடிபி அவர் போனுக்குத்தான் போகும்.