கிளட்சை மிதித்தால் நகர்ந்த கிராங்க்: பழைய எஸ்டீமோடு என் அனுபவம்

சென்னை தண்டையார்பேட்டையில் வீடு, விம்கோ நகரைத் தாண்டி வேலை. 2014இல் செகண்ட் ஹேண்டில் வாங்கிய மாருதி எஸ்டீம் காரில்தான் இன்னமும் போய்வருகிறேன். மைலேஜ், ஏசி பற்றியெல்லாம் ஊரே எழுதிவிட்டது. நான் எழுத வந்தது கிராங்க் ஷாஃப்ட், அதாவது பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு, அதன் ஆட்டத்தைப் பற்றி. பழியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வண்டி மேல் இல்லை, என் இடது கால் மேல்.

2016இல் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் மெட்ரோ வேலை தொடங்கியது. நடுவில் தடுப்பு, பாதி ரோடு. மாற்று வழியென்று எண்ணூர் பக்கம் திரும்பினால் துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரி வரிசை. ஒரு வண்டி நீளம் நகர்வது, நிற்பது, மறுபடி நகர்வது. நியூட்ரல் போடச் சோம்பல், கால் கிளட்ச் மேலேயே கிடந்தது.

2019 மத்தியில் காலையில் முதல் தடவை கிளட்சை மிதிக்கும்போது ஒரு 'டொக்' கேட்க ஆரம்பித்தது. சிக்னலில் மிதித்தால் ஐடிலிங் (வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம்) கொஞ்சம் இறங்கும், காலை எடுத்தால் ஏறும். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் கசிவு வேறு. முதலில் போன கடையில் கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங் இரண்டையும் மாற்றி 6,500 ரூபாய் வாங்கினார்கள். சத்தம் அப்படியே இருந்தது. கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீலை அடுத்தடுத்து இரண்டு தடவை மாற்றியாயிற்று. சீல் ஏன் மறுபடி மறுபடி போகிறது என்று அங்கே யாரும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கேட்டவர் வியாசர்பாடியில் ஷெட் வைத்திருக்கும் பாய். கதையைக் கேட்டுவிட்டு எஞ்சினைத் திறக்கவே இல்லை. முன் சக்கரத்தைக் கழற்றச் சொல்லி, கிராங்க்கின் நுனியில் இருக்கும் புல்லி மேல் டார்ச் அடித்துக்கொண்டு, "சார், கிளட்ச மிதிங்க... வுடுங்க... மறுபடி மிதிங்க" என்றார். அப்புறம் பையனை சீட்டில் உட்காரவைத்து என்னைக் கூப்பிட்டார். மிதிக்கும்போதெல்லாம் புல்லி வெளியே வந்து போனது, கண்ணுக்கே தெரிந்தது.

"கால எப்பவும் கிளட்ச்சு மேலயே வச்சிக்கினு ஓட்டுவீங்களா?"

பதில் சொல்லவில்லை, சிரித்து வைத்தேன்.

கிராங்க் சுழல வேண்டும், நீளவாக்கில் நகரக் கூடாது. ஆனால் துளிகூட நகராதபடி இறுக்கினால் ஆயில் நிற்க இடமிருக்காது, உராய்ந்து தீய்ந்துவிடும். அதனால் ஒரு மெல்லிய இடைவெளி விடுவார்கள், அதுதான் எண்ட் பிளே. அதைக் காப்பது பிறை மாதிரி இருக்கும் இரண்டு த்ரஸ்ட் வாஷர்கள். இந்த எஞ்சினில் கிராங்க்கைத் தாங்கும் மெயின் பேரிங்குகளில் நடுவில் இருப்பதன் இரு பக்கமும் உட்காரும். கிளட்சை மிதித்தால் ரிலீஸ் பேரிங், கிராங்க்கோடு சேர்ந்து சுற்றும் கிளட்ச் கவரை அழுத்துகிறது. அந்த அழுத்தம் கிராங்க்கையே கியர்பாக்ஸிலிருந்து விலகும்படி தள்ளுகிறது. கியர் மாற்றும் இரண்டு விநாடிக்கு அது ஒன்றுமில்லை. நாளுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக்கொண்டே இருந்தால் ஆயில் படலம் அறுந்து வாஷர் தேயும். கிராங்க் முன்னும் பின்னும் போய்வந்தால் சீல் எப்படித் தாங்கும்?

பாய் காந்த அடி வைத்த டயல் கேஜை, அதாவது நுண்ணிய நகர்வை அளக்கும் கருவியை, எஞ்சினில் நிறுத்தி, அதன் தண்டின் நுனியைப் புல்லி போல்ட்டில் தொடவைத்தார். கிராங்க்கை ஒரு பக்கம் நெம்பி முள்ளைப் பூஜ்ஜியத்தில் வைத்து, மறுபக்கம் நெம்பினார்: 0.62 மி.மீ. மேனுவல் சொல்வது 0.11 முதல் 0.31 வரை, கடைசி வரம்பு 0.38. லோடில் 'கட கட' என்று அடிப்பதும் ஆயில் பிரஷர் இறங்குவதும் வேறு நோய். அது மெயின் பேரிங், பிஸ்டன் ராடு கிராங்க்கில் சேரும் இடத்து பிக் எண்ட் பேரிங் ஆகியவற்றின் தேய்மானம், இந்த அளவில் தெரியாது.

2020 ஜனவரியில் எஞ்சினை இறக்கினோம். எஞ்சின் ஆயில் தங்கும் சம்ப்பின் அடியில் மினுமினுப்பாகப் பொடி, காந்தத்தில் ஒட்டவில்லை. வாஷரின் இரும்பு முதுகு மேல் இருக்கும் மென்உலோகம் அது. கியர்பாக்ஸ் பக்கத்து வாஷர் 2.22 மி.மீ.தான் இருந்தது, புதிது 2.50. எதிர்ப்பக்கத்து வாஷர் கிட்டத்தட்டப் புதிது போலவே. என் காலின் கைங்கரியம் எந்தப் பக்கம் என்று இதற்கு மேல் சாட்சி வேண்டாம். நல்லவேளை, வாஷர் கழன்று விழவில்லை. விழுந்திருந்தால் பிளாக்கையே அரைத்திருக்கும்.

கிராங்க்கில் வாஷர் உரசும் முகத்தில் லேசான கோடுகள்தான், லேத் பட்டறையில் பாலீஷ் போட்டால் போதும் என்றார்கள். ஆழமாகக் கீறியிருந்தால் கிரைண்டிங், இல்லையென்றால் வேறு கிராங்க். புது ஸ்டாண்டர்டு வாஷர் போட்டு அளந்தால் 0.34. "0.38க்குள்ளதானே பாய், மூடிடலாம்" என்றேன். முறைத்தார். புதுப்பேட்டையில் தேடி ஓவர்சைஸ் (கொஞ்சம் தடிமன் கூடிய) செட் வாங்கிவந்தேன், ஒவ்வொன்றும் 2.563 மி.மீ. போட்டு அளந்தால் 0.21. பூட்டுவதற்கு முன் வாஷரை என் கையில் கொடுத்து, ஆயில் ஓடும் பள்ளமான காடி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று கேட்டார். காடி கிராங்க்கைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் இரும்பு முதுகு கிராங்க்கைத் தின்றுவிடும். வாஷர் விலை சில நூறு ரூபாய், கூலி, சீல், கேஸ்கெட், லேத் எல்லாம் சேர்த்துச் செலவு 17,000.

அதற்கப்புறம் 38,000 கிலோமீட்டர் ஓட்டியாயிற்று. 'டொக்' இல்லை, ஐடிலிங் இறங்குவதில்லை, சீலும் அதேதான். போன வருஷம் டைமிங் பெல்ட் மாற்றும்போது கேஜ் வைத்துப் பார்த்தோம்: 0.23. காலையில் நியூட்ரலில் ஹேண்ட் பிரேக் போட்டு, கிளட்சைத் தொடாமல்தான் ஸ்டார்ட் செய்கிறேன், ஆயில் ஏறாத நேரத்தில் எதற்குத் தள்ளுவானேன். சில புது வண்டிகள் கிளட்சை மிதிக்காமல் ஸ்டார்ட் ஆகாது, அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

கால்தான் திருந்த மறுத்தது. கிளட்சுக்கு இடப்பக்கம் ஒரு மரக்கட்டையைப் பொருத்தி, மேலே பழைய டயர் ரப்பர் ஒட்டிக் கொடுத்தார் பாய். காலடிப்பேட்டை நெரிசலில் கால் இப்போது அதன் மேல்தான் கிடக்கிறது. ரப்பர் நடுவில் வழவழப்பாகிவிட்டது, இந்த மாதம் மாற்ற வேண்டும்.