இலங்கையா, சபாவா, கோஸ்டா ரிகாவா? மதுரையிலிருந்து புறப்படும் சொகுசுக் காட்டுப் பயணம்

மதுரையிலிருந்து வெப்பமண்டலக் காட்டைத் தேடி வெளிநாடு செல்ல நினைப்பவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, நம் பக்கத்தில் இல்லாத எது அங்கே இருக்கிறது என்பதைத்தான். ஏறத்தாழ 140 கிலோமீட்டரில் தேக்கடி இருக்கிறது. மேகமலையும் வால்பாறையும் காலையில் கிளம்பினால் மதியத்திற்குள் எட்டிவிடும் தொலைவில்தான் உள்ளன. யானை, காட்டுமாடு, இருவாச்சி, சிங்கவால் குரங்கு ஆகிய அனைத்தும் இந்த வட்டத்துக்குள்ளேயே வாழ்கின்றன. ஆகவே, குடும்பத்துடன் சில லட்சங்களைச் செலவிட்டுப் போகும் இடம் இவற்றையே மீண்டும் காட்டுமானால் அந்தச் செலவுக்குப் பொருளில்லை.

நம் ஊரில் இந்த வகைப் பயணத்திற்குப் பேசப்படும் நாடுகளில் மூன்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்: இலங்கை, மலேசியாவின் போர்னியோ தீவுப் பகுதியான சபா, மத்திய அமெரிக்காவின் கோஸ்டா ரிகா. பளிங்குத் தரையும் நீச்சல் குளமும் மதுரை விடுதிகளிலேயே கிடைக்கின்றன. காட்டுப் பயணத்தில் கூடுதல் பணம் வாங்கித் தர வேண்டியவை காட்டுக்குள்ளேயோ அதன் விளிம்பிலோ அமைந்த தங்குமிடம், நமக்கென்று தனியாக வரும் வழிகாட்டி, கூட்டம் சேராத நேரம் ஆகியவையே. மூன்று நாடுகளையும் அந்த அளவுகோலில்தான் பார்த்திருக்கிறேன்.

போய்ச்சேரும் விதத்தில் இலங்கைக்குப் போட்டியே இல்லை. மதுரையிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம்; கடிகாரத்தைத் திருத்தக்கூட வேண்டியதில்லை. சபாவுக்குச் செல்ல இரண்டு வழிகள் உண்டு. காரில் திருச்சி சென்று, கோலாலம்பூர் வழியாகக் கோத்தா கினபாலு அடைவது ஒன்று. மதுரையிலிருந்து சிங்கப்பூர் சென்று அங்கிருந்து மாறுவது மற்றொன்று. இரண்டாவது வழியில் தனித்தனிப் பயணச்சீட்டு எடுத்தால் பெட்டிகளை எடுத்து மீண்டும் ஒப்படைக்க சிங்கப்பூர் விசா தேவைப்படும் என்பதால், பெரும்பாலோருக்குத் திருச்சி வழியே எளிது. கோலாலம்பூரில் குடியேற்றச் சோதனை முடிந்தாலும் சபாவில் இறங்கியதும் மீண்டும் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும், ஏனெனில் அந்த மாநிலத்துக்குக் குடியேற்ற விவகாரத்தில் தனி அதிகாரம் உண்டு.

கோஸ்டா ரிகா கணக்கே வேறு. சென்னையோ பெங்களூரோ சென்று, ஐரோப்பிய நகரம் ஒன்றில் மாறி, தலைநகர் சான் ஹோசேயை அடைய வீட்டு வாசலிலிருந்து ஒன்றரை நாளுக்குக் குறையாது. நேர வித்தியாசம் பதினொன்றரை மணி நேரம் என்பதால் இரவும் பகலும் அப்படியே மாறிவிடும். முதல் இரண்டு நாட்களைத் தூக்கத்துக்கே எழுதிவைக்க வேண்டும். செல்லுபடியாகும் அமெரிக்கப் பன்முறை விசா வைத்திருப்பவர்களுக்கு அந்நாடு தனி விசா கேட்பதில்லை. அது இல்லாதவர்கள் டெல்லித் தூதரகத்தை நாட வேண்டும். வழியில் மாறும் விமான நிலையத்துக்கு இடைநிலை விசா வேண்டுமா என்பதையும் தனியே பார்க்க வேண்டும். அமெரிக்காவில் பிள்ளைகள் இருந்து, அவர்களைப் பார்க்கப் போகும் பெற்றோர் நம் ஊரில் ஏராளம். அவர்களுக்கு அந்தப் பயணத்தோடு கோஸ்டா ரிகாவை இணைப்பதே மிகவும் அறிவார்ந்த வழி. மதுரையிலிருந்து அதற்கென்றே கிளம்புவதாக இருந்தால் மூன்று வாரம் ஒதுக்க முடியாதவர்கள் நினைக்காமலிருப்பது நல்லது.

தூரத்தை விடவும் முடிவைத் தீர்மானிப்பது பள்ளி விடுமுறைதான். நம் பிள்ளைகளின் மூன்று விடுமுறைகளும் மூன்று நாடுகளின் மழையில்லாக் காலங்களோடு எப்போதும் ஒத்துப்போவதில்லை. முகவர்கள் எல்லா மாதத்துக்கும் ஒரே பயணத்திட்டத்தை நீட்டுவதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

கோடை விடுமுறையில், அதாவது மே மாதத்தில், சபா நல்ல நிலையில் இருக்கும். அங்கே ஏறத்தாழ மார்ச் முதல் அக்டோபர் வரை மழை ஒப்பீட்டளவில் குறைவு. இலங்கையில் மே பிற்பாதியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கி, தென்கரைக் கடல் கொந்தளிக்கும். திமிங்கிலம் பார்க்க மிரிச வரை சென்று ஏமாற வேண்டாம். அதே நேரத்தில் கிழக்குக் கரையில் திருகோணமலைக் கடல் அமைதியாகும், அறுகம்பையில் அலைச்சறுக்குப் பருவம் களைகட்டும். ஆகவே மே மாதத்தில் இலங்கைக்குப் போவதானால் கிழக்கே போக வேண்டும்.

காலாண்டு விடுமுறை செப்டம்பர் இறுதியில் வருகிறது. யால தேசியப் பூங்காவில் சிறுத்தைகளுக்குப் பெயர்பெற்ற முதல் வட்டாரத்தைப் பெரும்பாலான ஆண்டுகளில் செப்டம்பர் தொடக்கத்திலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை மூடிவிடுவார்கள். ஆனால் மகாசேனன் கட்டிய மின்னேரியா குளத்தில் நீர் வற்றி, அடிநிலத்தில் புல் முளைத்து, யானைகள் நூற்றுக்கணக்கில் கூடும் காலமும் அதுவே. குளத்தில் நீர் நிறைந்து நிற்கும் ஆண்டுகளில் அவை அருகிலுள்ள கௌடுல்லவுக்கு நகர்ந்துவிடும் என்பதால், எந்தப் பூங்கா என்பதை அன்று காலையில் முடிவு செய்யும் ஜீப் ஓட்டுநரை அமர்த்த வேண்டும். கோஸ்டா ரிகாவின் பசிபிக் பக்கம் செப்டம்பரிலும் அக்டோபரிலும் நனைந்து கிடக்கும். ஓசா தீபகற்ப வனவிடுதிகளில் பல அக்டோபரில் மூடியே இருக்கும். கரீபியன் பக்கமோ அப்போது ஓரளவு வெயிலடிக்கும். சாலையே இல்லாத, படகிலோ சிறுவிமானத்திலோ மட்டும் செல்லக்கூடிய டோர்டுகேரோவில் பச்சை ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடுவதும் ஜூலை முதல் அக்டோபர் வரையே.

அரையாண்டு விடுமுறையில் சபாவைத் தவிர்த்துவிடலாம். வடகிழக்குப் பருவமழையில் ஆறுகள் பெருகும். கோஸ்டா ரிகாவில் வறண்ட பருவம் தொடங்கியிருக்கும், ஆனால் கிறிஸ்துமஸ் வாரத்தில் கட்டணம் உச்சத்தில் நிற்கும். இலங்கையின் தென்கரையில் கடல் தணிந்து, நீலத் திமிங்கிலங்களைப் பார்க்கும் பருவம் ஆரம்பமாகியிருக்கும்.

இனி, போய்ச் சேர்ந்தபின் கிடைப்பது என்ன? மேற்குத் தொடர்ச்சி மலையும் இலங்கையும் உயிரியலாளர் பார்வையில் ஒரே பல்லுயிர் வளமண்டலம். ஹோட்டன் சமவெளியில் நிற்கும்போது கொடைக்கானல் நினைவு வருவது இயல்பு. எனவே சிங்கராஜ மழைக்காட்டுக்கோ நுவரெலியாவுக்கோ நம்மவர்கள் நான்கு நாள் செலவிடுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். இலங்கை நமக்குப் புதிதாகத் தருவன திமிங்கிலமும் சிறுத்தையும்தான். புலியே இல்லாத தீவு என்பதால் அங்கே சிறுத்தையே காட்டின் தலைவன். பகலிலும் பாறைமேல் கூச்சமின்றிப் படுத்திருக்கும். குறை என்னவென்றால், ஒரு சிறுத்தை தென்பட்டதும் ஜீப்புகள் நாலாப்பக்கமும் வந்து நெருக்கும். பணம் உள்ளவர் அதை யாலயை ஒட்டிய ஆடம்பரக் கூடாரத்துக்குக் கொடுப்பதைவிட, கூட்டம் குறைந்த வில்பத்து தேசியப் பூங்காவில் தனி ஜீப்புக்கும் தேர்ந்த வழிகாட்டிக்கும் கொடுப்பதே மேல். சாகசம் என்று பார்த்தால் கித்துல்கலையில் களனி ஆற்றில் ராஃப்டிங், அதாவது காற்றடைத்த படகில் சீறும் நீரோட்டத்தில் செல்வது, கடினத்தில் இரண்டு, மூன்றாம் தரத்தில் இருக்கும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போதும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

மலையகத்துப் பழைய துரை பங்களாக்கள் சில இன்று மிக உயர்ந்த சொகுசு விடுதிகளாகியுள்ளன. உபசரிப்பில் குறை சொல்ல இடமில்லை, தமிழிலேயே பேசிக்கொள்ளலாம். ஆனால் அந்தத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்களில் பலரின் முன்னோர் மதுரை, இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்றவர்கள். அதே சரிவில் தொழிலாளர்கள் வாழும் லயன் எனும் வரிசை வீடுகளும் கண்ணில் படும். அதைப் பார்த்துக்கொண்டே தேநீர் அருந்துவது எல்லோருக்கும் ஒத்துவராது என்பதையும் குறித்துவைக்கிறேன்.

மூன்றில் நம்மிடம் இல்லாத காடு அருகிலேயே கிடைப்பது சபாவில்தான். தனும் பள்ளத்தாக்கில் அளக்கப்பட்ட ஒரு மஞ்சள் மெரந்தி மரம் 100 மீட்டரைத் தாண்டி நிற்கிறது. மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்தக் காட்டுக்குள் இருக்கும் உயர்தர விடுதி ஒன்றே ஒன்று. லஹாட் டாத்து ஊரிலிருந்து கப்பிச் சாலையில் இரண்டரை மணி நேரம் செல்ல வேண்டும். காலை, மாலை, இரவு என மூன்று வேளையும் வழிகாட்டியுடன் நடப்பதும் கட்டணத்தில் அடங்கும். ஒராங்குட்டான் காட்டிலேயே திரிவதைப் பார்க்கும் வாய்ப்பு அங்கே உண்டு. அது அமையாவிட்டாலும் 1964இல் தொடங்கப்பட்ட செப்பிலோக் மறுவாழ்வு மையத்தில், தாயை இழந்து மீட்கப்பட்டவற்றைப் பார்க்கலாம். கினபாத்தங்கான் ஆற்றில் விடியலில் படகில் போனால் போர்னியோ தவிர வேறெங்கும் இல்லாத நீள்மூக்குக் குரங்குகள் கரையோர மரங்களில் அமர்ந்திருக்கும். தேக்கடியின் பெரிய படகில் தொலைவிலிருந்து பார்த்துப் பழகியவர்களுக்கு, ஆறேழு பேர் அமரும் சிறு படகு இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கிளைக்கு அடியிலேயே நிற்பது வேறொரு அனுபவம்.

சாகசத்திலும் சபா முந்துகிறது. 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலு மலையை, மலையேற்றப் பயிற்சி பெறாதவரும் உடல்வலு இருந்தால் இரண்டு நாளில் ஏறி இறங்கலாம். நம் ஆனைமுடி 2,695 மீட்டர்தான். நாளொன்றுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையினருக்கே அனுமதி என்பதால் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். தனும் காட்டில் அட்டைக்கடி உறுதி, முழங்கால் வரையிலான அட்டைக் காலுறை அங்கேயே விற்கும். கிழக்குக் கரையோரத் தீவுகள் குறித்துச் சில நாடுகள் தம் குடிமக்களுக்குப் பாதுகாப்பு எச்சரிக்கை விடுத்திருப்பதால், கடலுக்குள் மூழ்கும் ஆசையுடன் அப்பக்கம் செல்பவர்கள் அன்றைய நிலவரத்தை விசாரித்துக்கொள்ள வேண்டும்.

கோஸ்டா ரிகாவின் சிறப்பு, 51,100 சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் எரிமலை, மேகக்காடு, இரு பெருங்கடல்களின் கரைகள் என எல்லாம் அடங்குவதும், நிலத்தில் கால் பங்குக்கு மேல் பாதுகாக்கப்பட்டிருப்பதும் ஆகும். 1968இல் வெடித்து 2010 வரை கனன்ற அரெனால் எரிமலையின் அடியில் வெந்நீர் ஊற்றுகள். மேகக்காட்டுப் பகுதியான மொன்டேவெர்டேவில் தொங்குபாலங்களும், கம்பியில் தொங்கிச் சறுக்கும் ஜிப்லைனும். பகுவாரே ஆற்றில் மூன்று, நான்காம் தர ராஃப்டிங். அந்த ஆற்றங்கரையிலேயே, விருந்தினர் ராஃப்டில் வந்து இறங்கும் சொகுசு விடுதி ஒன்றும் உண்டு. 1975இல் அமைக்கப்பட்ட கொர்கொவாடோ பூங்காவில் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் நுழைய முடியாது. அந்தக் கட்டாயமே அங்கே நடப்பவருக்குப் பெரிய உதவி, ஏனெனில் இலையோடு இலையாகத் தொங்கும், மெல்ல நகரும் மரவாழ் விலங்கான ஸ்லாத்தை நம் கண்ணால் தனியே கண்டுபிடிப்பது கடினம். வழிகாட்டுதலின் தரத்தில் மற்ற இரண்டும் இதற்குப் பின்னால்தான்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு பேச்சு. சைவ உணவுக்காரர்கள் இலங்கையில் நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்துத் தேங்காய்ச் சம்பலைச் சாப்பிட்டுவிடுவார்கள்; அதில் மாசிக்கருவாடு சேர்ப்பது அங்கே வழக்கம். சபாவில் கீரை வறுவலில்கூட இறால் விழுது இருக்கலாம். கோஸ்டா ரிகாவில் சோறும் கறுப்பு அவரையும் எல்லா வேளையும் உண்டு, ஆனால் காரம் கிடையாது. ஊறுகாய்ப் புட்டியைப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம்.

அறுபதைக் கடந்த பெற்றோரும் சிறு பிள்ளைகளும் ஒன்றாகப் போகும் ஒரு வாரப் பயணம் என்றால் இலங்கையையே சொல்வேன். பத்து, பன்னிரண்டு நாள் கிடைத்து, எல்லோராலும் வியர்வையில் நடக்க முடியும் என்றால், மே மாதத்துச் சபாவுக்கு என் வாக்கு.

எதைத் தேர்ந்தாலும் முன்பணம் கட்டும் முன் இரண்டைக் கேட்க வேண்டும். வெளிநாட்டுத் தொகுப்புப் பயணத்தை இங்குள்ள முகவரிடம் வாங்கும்போது மூலத்திலேயே வரி வசூலிக்கப்படும். அதைப் பின்னர் வருமான வரிக் கணக்கில் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்பதால், யாருடைய பான் எண்ணில் ரசீது போடப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். அடுத்தது காப்பீடு. சாதாரணப் பயணக் காப்பீட்டில் ராஃப்டிங், ஜிப்லைன், குறிப்பிட்ட உயரத்துக்கு மேலான மலையேற்றம் ஆகியவை விலக்குப் பட்டியலில் இருப்பதுண்டு. கினபாலுவுக்கோ பகுவாரேவுக்கோ செல்பவர், அந்த நடவடிக்கையின் பெயரும் மலையின் உயரமும் ஆவணத்தில் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் செலுத்த வேண்டும்.