"கேஸ் போய்விட்டது" என்பவரிடம் ஃபிரிட்ஜைக் கொடுக்கும் முன்

பழைய ஃபிரிட்ஜைச் சரிசெய்வதா, தள்ளிவிட்டுப் புதிது வாங்குவதா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அந்த முடிவை நமக்காக எடுத்துக் கொடுக்கவே ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது.

எங்களுடையது 2013-இல் வாங்கிய இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ், பனி தானாக உருகும் வகை. மேலே ஃப்ரீசரில் ஐஸ் கல்லாக இருக்கிறது. கீழே வைத்த பால் மாலைக்குள் திரிந்துவிடுகிறது, இட்லி மாவு பொங்கி வழிகிறது. நிறுவனத்தின் பெயரைப் போட்டு இணையத்தில் தேடியபோது முதலில் வந்த சேவை எண்ணுக்கு என் தம்பி பேசினான். ஒரு மணி நேரத்தில் சீருடையோடு ஓர் இளைஞர் வந்து நின்றார். நிறுவனத்தின் ஆள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பில்லில் அப்படி எதுவும் இல்லை. எல்லா பிராண்டுகளுக்கும் சர்வீஸ் என்று பொடி எழுத்தில் இருந்தது, ஜிஎஸ்டி எண் கிடையாது.

பின்பக்கம் கையை வைத்துப் பார்த்தார். "கேஸ் முழுக்க இறங்கிவிட்டது அம்மா" என்றார். ஒரு சிறிய சிலிண்டர், ஒரு மீட்டர், உஸ் என்று ஒரு சத்தம். 3,200 ரூபாய். போகும்போது, "கேஸ் செட் ஆக வேண்டும், நாளைக் காலை வரை போடாதீர்கள், கதவைத் திறந்தே வையுங்கள்" என்றார். சூட்சுமம் இதில்தான் இருந்தது. மறுநாள் ஃபிரிட்ஜ் அருமையாகக் குளிர்ந்தது. அம்மாவுக்கு அந்தப் பையன் மேல் தனி மரியாதையே வந்துவிட்டது.

இரண்டு வாரம் கழித்துப் பழைய கதை திரும்பியது. மறுபடி வந்தவர், கம்ப்ரசரே போய்விட்டது, மாற்ற 7,500 ஆகும் என்றார். பழைய பெட்டி மின்சாரத்தைக் குடிக்கும், தனக்குத் தெரிந்த கடையில் புதியது 28,000-க்கு முடித்துத் தருகிறேன், பழையதை 800 ரூபாய்க்குத் தானே எடுத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னார். எடுத்துப் போக வெளியே வண்டியும் நின்றது. அந்த வண்டியைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

தெருமுனைக் கடையில் முப்பது வருடமாக ஃபிரிட்ஜ் பார்க்கும் பெரியவரை அழைத்தோம். கம்ப்ரசர் பக்கத்தில் துருத்திக்கொண்டிருந்த செம்புக் குழாயின் முனையை டார்ச் அடித்துக் காட்டினார். தொழிற்சாலையில் நசுக்கி மூடிய தடம் அப்படியே, அதன் மேல் வருடக்கணக்கான தூசி. கேஸ் ஏற்ற வேண்டுமானால் அந்தக் குழாயைத் திறந்தாக வேண்டும், உள்ளே இருக்கும் காற்றை பம்ப் வைத்து உறிஞ்ச வேண்டும், லேபிளில் போட்டிருக்கும் கிராம் அளவுக்கு எடை போட்டு ஏற்ற வேண்டும். எங்கள் குழாயை யாரும் தொடவே இல்லை. 3,200 ரூபாய் அந்த உஸ் சத்தத்துக்குத்தான்.

பிறகு ஃப்ரீசரின் பின்தட்டைக் கழற்றினார். குளிர்க்குழாய்கள் இருக்கும் இடமே தெரியவில்லை, ஒரே பனிப்பாளம். அந்தப் பனியை அவ்வப்போது உருக்க உள்ளே ஒரு ஹீட்டர் இருக்கிறது. அதற்கு மின்சாரத்தை விடுவது பைமெட்டல் என்ற சிறு பொத்தான். அது அவ்வளவு குளிரிலும் இணைப்புக் கொடுக்கவில்லை. ஹீட்டர் வேலை செய்யாததால் பனி காற்று வழியை அடைத்துவிட்டது, கீழே குளிர் இறங்கவில்லை. ஓர் இரவு கதவைத் திறந்து வைத்தால் பனி உருகி எல்லாம் சரியானது போலத் தெரியும், சில நாள் கழித்து மறுபடி அடைக்கும். கேஸ் இறங்கியிருந்தால் ஃப்ரீசரில் ஐஸ் கல்லாக இருக்குமா? பைமெட்டலும் கூலியும் சேர்த்து 1,100 ரூபாய். ஃபிரிட்ஜ் இன்றும் ஓடுகிறது.

மின்சாரம் குடிக்கும் என்றாரே, அதையும் கணக்குப் பார்த்தேன். எங்கள் நட்சத்திர லேபிளில் ஆண்டுக்கு 330 யூனிட், கடையில் பார்த்த அதே அளவுப் புதியதில் 230. பழசானதால் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும் என்றே வைத்துக்கொள்வோம். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் போட்டாலும் நூறு யூனிட்டுக்கு 800 ரூபாய்தான். இந்த மிச்சத்தில் 28,000 ரூபாயைத் திரும்ப எடுக்க முப்பத்தைந்து வருடம் ஆகும்.

புதிது வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. ஃபிரிட்ஜின் சுவருக்குள் குளிரைக் காக்கும் நுரைக்கு நடுவே குழாய் கசிந்தாலோ, அடித்தட்டு துருப்பிடித்து உதிர்ந்தாலோ, பத்து வருடப் பெட்டியில் கம்ப்ரசர் உண்மையிலேயே எரிந்துவிட்டாலோ பழையதற்குச் செலவு செய்வது வீண். ஆனால் "உண்மையிலேயே" என்பதைப் புதிய ஃபிரிட்ஜ் விற்கப் பார்ப்பவர் சொல்லக் கூடாது. கம்ப்ரசர் ஓட மறுத்தால்கூட முதலில் அதைக் கிளப்பிவிடும் ரிலே என்ற சிறு பாகத்தை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், சில நூறு ரூபாய் விஷயம் அது. சேவை எண்ணை, ஃபிரிட்ஜ் வாங்கியபோது கொடுத்த புத்தகத்திலிருந்தோ நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலிருந்தோ மட்டும் எடுங்கள்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை. அந்த ஆசாமியின் கைபேசி எண் இப்போது வேறொரு வாஷிங் மெஷின் பிராண்டின் பெயரில் தேடினால் முதல் வரியில் வருகிறது.